சுடுவதற்கு முன் ஏன் பாலைக் கேட்கிறோம்

போன மாதம், நான் ஓய்வு பெறும் வரை வேலை செய்த நம் காட்டுக் காவலர் குடிலை எட்டிப் பார்க்க வந்திருந்தேன். நீங்கள் எல்லோரும் எழும்பி நின்று எனக்கு நாற்காலி தந்தீர்கள். சந்தோசம். தேநீர் மட்டும் அந்தக் காலத்தைப் போலவே கழுநீராக இருந்தது. அதை ஏன் இவ்வளவு பத்திரமாகப் பாதுகாத்து வருகிறீர்கள் என்று தெரியவில்லை.

அப்போது மேசையில் கிடந்த ரேடியோ கரகரத்தது. காட்டின் கிழக்குப் பக்கத்தில் துவக்கோடு காத்திருந்தவர் ஆங்கிலத்தில் கேட்டார்: "பால் இருக்கா?" வடக்குப் பக்கத்தில் நின்றவர் பதில் சொன்னார்: "பால் இல்லை." அதற்குப் பிறகுதான் வெடிச் சத்தம் கேட்டது. நான் கோப்பையோடு அப்படியே இருந்துவிட்டேன். பக்கத்தில் இருந்த உங்கள் தமிழ்த் தங்கச்சியிடம் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன்.

"அது ஒரு கோட் வேர்ட் அங்கிள். மானுக்குப் பின்னால ஆக்கள் நிக்கினமோ எண்டு செக் பண்றது."

"அதுக்கு ஏன் பால்?"

"தெரியாது அங்கிள். எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவினம். இங்கிலீஷ்காரரின்ர பழைய பழக்கமா இருக்கும்."

இங்கிலீஷ்காரரின் பழக்கமாம்! எனக்குக் கண் கலங்கிவிட்டது. தேநீர் சரியில்லை என்று சொல்லிவிட்டு எழும்பி வந்துவிட்டேன். உங்களில் இரண்டு பேர் நம்மவர்கள் என்பதால் இதைத் தமிழில் எழுதுகிறேன். மற்றவர்களுக்கு நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். இதில் வருகிற வெள்ளைக்காரர் பேசியதையும் என் தமிழில்தான் தருகிறேன். அவர்கள் யாழ்ப்பாணத்தார் மாதிரிப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இந்த வேலைக்கு ஆசைப்பட்டு வந்தவன் அல்ல. எண்பதுகளின் நடுவில் லண்டனுக்கு வந்து, எல்லோரையும் போலப் பெற்றோல் நிலையத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தேன். பிறகு கவுன்சிலின் பூங்காப் பகுதியில் முட்செடி வெட்டுகிற வேலை கிடைத்தது. பஸ் போய்த் திரும்புகிற கடைசி நிறுத்தத்துக்கு அப்பால் இருக்கிற நம் காட்டுக்கு என்னை அனுப்பினார்கள். அந்தக் காட்டில் மான் பெருகி, நட்ட கன்றுகளையெல்லாம் கடித்துத் தின்றுகொண்டிருந்தது. பெருந்தெருவுக்குள் பாய்ந்து கார்களிலும் மோதியது. மாரிக் குளிரில் கொஞ்சத்தைச் சுட்டுக் குறைக்காவிட்டால் காடும் மிஞ்சாது, பட்டினியில் மானும் மிஞ்சாது. அந்த வேலைக்கு ஆள் குறைந்தபோது காட்டின் தலைமைக் காவலர் என்னைப் பார்த்து, "நீ சத்தமில்லாமல் நடக்கிறாய், பழகிப்பார்" என்றார்.

அவருடைய பெயரை எழுதமாட்டேன். எழுதினால் அவருக்குப் பிடிக்காது. நெட்டையான மனிதர், ஊமைக்கோட்டான். காலையில் ஒரு சொல், பின்னேரம் ஒரு சொல், இடையில் ஒன்றுமில்லை. கோபம் வந்தால் தொப்பியைக் கழற்றி மறுபடி போடுவார். அவ்வளவுதான் அவருடைய ஏச்சு.

துவக்கு வைத்திருப்பதற்கு அனுமதி கேட்டபோது நோர்பரியில் நாங்கள் இருந்த மாடிவீட்டுக்கு ஒரு பொலிஸ்காரர் வந்தார். துவக்குப் பெட்டி வைக்கிற இடத்தைப் பார்த்தார். பிறகு எங்கள் சோபாவில் இருந்துகொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்கள் துவக்குக்குப் பயந்து நாட்டை விட்டு வந்த ஆள். இப்ப ஏன் துவக்குக் கேக்கிறியள்?"

வடைத் தட்டோடு வந்த என் மனுசி எனக்கு முந்திக்கொண்டாள். "பயப்பிடுறவரிட்டக் குடுத்தால்தானே சேர் கவனமா வச்சிருப்பார்?"

பொலிஸ்காரர் சிரித்துவிட்டார். இரண்டாவது வடையும் எடுத்தார். அனுமதி வந்தது. தம்பி, தங்கச்சி, உங்களுக்குத் துவக்குப் பழகிப்போய்ப் பயம் விட்டுவிட்டது என்று தோன்றுகிற நாளில் லீவு போட்டுவிட்டு வீட்டில் இருங்கள். பகிடிக்குச் சொல்லவில்லை.

என் மனுசி சுத்த சைவம். வெள்ளிக்கிழமைகளில் நான் குளித்து உடுப்பு மாற்றும் வரைக்கும் சாமியறைப் பக்கம் தலை காட்டக் கூடாது. விம்பிள்டன் கோயிலில் யாராவது "அண்ணை, எங்க வேலை?" என்று கேட்டால், நான் வாயைத் திறக்க முதலே "கவுன்சிலில" என்பாள். அதற்கு மேல் ஒரு சொல் வராது. ஆனாலும் விடியற்காலையில் எனக்கு முதல் எழும்பிப் பிளாஸ்கில் தேநீர் ஊற்றி வைப்பது அவள்தான். அது தேநீர். நீங்கள் எனக்குத் தந்ததற்கு வேறு பெயர் தேட வேண்டும்.

இனி நம் காட்டின் தலையிடிக்கு வருகிறேன். ஸ்கொட்லாந்து மலைகளில் வேட்டையாடுகிறவர்களுக்கு முழு மலையும் ஒரு ஆளின் சொத்து. மானும் அவர்களும் மட்டும்தான் இருப்பார்கள். நம்முடையது ஊர்ச்சனத்தின் காடு. மான் ஒன்று நல்ல இடத்தில் வந்து நின்றால், அடுத்த நிமிசம் ஒரு நாய் வரும். நாய்க்குப் பின்னால் ஒரு ஆள் வருவார். அவர் போனால் ஓட்டக்காரர், அவருக்குப் பின்னால் குதிரை, குதிரைக்குப் பின்னால் காளான் பிடுங்க வந்த கிழவர். மரத்துக்குப் பின்னால் காதலர். சுடுகிற நாட்களில் கேற்றுகளைப் பூட்டி, அறிவித்தல் தொங்கவிட்டு, பாதைக்குக் கயிறு கட்டினாலும், ஊர்ச்சனம் தங்கள் காட்டுக்குள் வருவதற்கு ஆரிடம் கேட்க வேண்டும்?

ஒரு நாய்க்காரப் பெண்மணி இருந்தார். பூட்டாத நாட்களில் விடியவே வருவார். மான் கூட்டத்தைக் கண்டால் கை தட்டிக் கலைத்துவிட்டு, என்னைப் பார்த்து "காலை வணக்கம், கொலைகாரரே" என்று வாயார வாழ்த்திவிட்டுப் போவார். நானும் "வணக்கம் அம்மா" என்பேன். ஒருநாள் மட்டும் நின்று சொன்னார்: "நீங்கள் கேற்றைப் பூட்டிப்போட்டுக் காட்டைப் பூட்டினதா நினைக்கிறியள்." என்னைக் குத்திக் காட்டுகிறார் என்று நினைத்து விட்டுவிட்டேன். அவர் அதற்கு ஒரு அர்த்தத்தோடுதான் சொல்லியிருக்கிறார்.

நான் சொல்ல வருகிற தைப்பொங்கல் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு வேலைநாளில் வந்தது. அந்தக் காலத்தில் கவுன்சில் மாரியில் சில நாட்களுக்கு வெளி வேட்டைக்காரர்களையும் விடும். ஆனால் தனியாக விடாது. நம்மில் ஒருவர் பக்கத்தில் படுத்திருக்க வேண்டும். நாம் தோளில் தட்டினால்தான் அவர் சுடலாம். தட்டாவிட்டால் மான் வந்து அவர் மூக்கை நக்கினாலும் சுடக் கூடாது. இது தலைமைக் காவலர் வைத்த சட்டம்.

அன்றைக்கு எனக்கு வாய்த்த விருந்தாளி ஆபிரிக்காவில் எருமை, சிறுத்தை எல்லாம் சுட்டவர். நம் காட்டில் ஒரு கிழட்டுக் கலைமான் இருந்தது. இரண்டு உள்ளங்கைகளை விரித்து வைத்தது மாதிரிக் கொம்பு. மூன்று மாரியாக அந்தக் கொம்புக்காகத்தான் அவர் வந்துகொண்டிருந்தார். முதல் வருடம் ஒரு நாய் கலைத்தது. அடுத்த வருடம் பட்டம் விட வந்த ஒரு குடும்பம் குறுக்கே நின்றது. "எருமை கூட இவ்வளவு கரைச்சல் தரேல்லை" என்று புறுபுறுப்பார். நல்ல மனிதர்தான். வயது போய்க்கொண்டிருந்தது, முழங்கால் நோ. அடுத்த மாரிக்கு வர முடியுமோ தெரியாது என்று என்னிடமே சொல்லியிருந்தார். மானும் கிழண்டுவிட்டது. அந்த மாரி தாண்டாது என்று எங்களுக்கும் தெரியும். ஆகவே அந்தக் காலை அவருக்குக் கடைசிக் காலை மாதிரி.

நான் இருட்டோடு சப்பாத்துப் போடுகிறபோது மனுசி வாசலில் வந்து நின்றாள்.

"இண்டைக்குமோ?"

"என்னப்பா செய்யிறது? அந்த மனுசன் மூண்டு மாரியாக் காத்துக்கொண்டிருக்கு."

"நானும்தான் கலியாணம் கட்டின நாளில இருந்து காத்துக்கொண்டிருக்கிறன், ஒரு பொங்கலுக்கெண்டாலும் பக்கத்தில நிப்பியள் எண்டு."

நான் மற்றச் சப்பாத்தையும் மாட்டிக்கொண்டு நிமிர்ந்தேன். அவளுக்கும் என் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். பிளாஸ்கைக் கையில் தந்தாள்.

"சரி, போங்கோ. பால் பொங்கிற நேரம் எண்டாலும் என்னை நினைச்சுக்கொள்ளுங்கோ. நான் தனியத்தான் நிப்பன்."

இதைக் கவனமாக வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் இந்தச் சொல்லில்தான் இருக்கிறது.

அன்றைக்கு நல்ல உறைபனி. புல் வெளுத்துப்போய்க் கிடந்தது. காட்டின் நடுவில் மரமில்லாமல் இருக்கிற வெட்டையை உங்களுக்குத் தெரியும். அதன் வடக்குக் கரையில் ஆள் உயரத்துக்கு மேலான பழைய மண்மேடு ஒன்று நீளத்துக்குப் போகிறது. மேட்டுக்கு அந்தப் பக்கம் பள்ளம், கோடையில் சனம் சாப்பாடு கொண்டுவந்து விரித்து இருக்கிற இடம். காற்று வடக்கிலிருந்து எங்கள் முகத்துக்கு வந்தது. நாங்கள் தெற்குப் பக்கம் பன்னப் புதருக்குள் படுத்திருந்தோம். மான் வெட்டைக்கு வந்தால் அதன் பின்னால் மண்மேடு. குண்டு தவறினாலும் மண் வாங்கிக்கொள்ளும். கேற்றுகள் பூட்டு. அறிவித்தல் தொங்குகிறது. மேற்குப் பாதையில் தலைமைக் காவலர் ரேடியோவோடு நிற்கிறார். எல்லாம் சரி.

கிழக்கு வெளிக்கத் தொடங்கியபோது கலைமான் வந்தது. ஒரு சத்தம் இல்லை. மூச்சுப் புகை மட்டும் முதலில் தெரிந்தது, பிறகு அந்தக் கொம்பு. மேட்டுக்கு முன்னால் வந்து பக்கவாட்டில் நின்று குளம்பால் புல்லைக் கிளறியது. விருந்தாளி துவக்கை ஏற்றி அதன் குறிக்கண்ணாடிக்குள் கண்ணை வைத்தார். அவருடைய தோள் நடுங்கவில்லை. என் தட்டலுக்குக் காத்திருந்தார். மூன்று மாரி அந்தத் தோளில் இருந்தது.

நான் கையைத் தூக்கினேன்.

அப்போதுதான் மூக்கில் அது பட்டது. பால் வாசம். அடுப்பில் பொங்கி வழிந்து தணலில் விழுந்து தீய்கிற பாலின் வாசம்.

நான் முதலில் நம்பவில்லை. லண்டன் காட்டுக்குள், உறைபனியில், பாலா? வீட்டில் மனுசி பொங்குகிற நேரம் இதுதான், அவள் நினைக்கச் சொன்னாள், நான் நினைக்கிறேன், நினைப்புத்தான் மூக்கில் மணக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மேட்டுக்கு மேலே பார்த்தேன். வெண்பனிப் புகார் எங்கும் கிடந்தது. அதில் ஒரு இழை மட்டும் கொஞ்சம் நீலமாக இருந்த மாதிரிப் பட்டது. கண்ணும் ஏமாற்றலாம். மான் அசையவில்லை, ஆனால் அது சனத்தின் மணத்துக்கும் புகைக்கும் பழகின மான். மான் நின்ற கிட்டத்துக்கு, ரேடியோவில் தலைமைக் காவலரைக் கேட்டால் ஓடிவிடும். கேட்டும் என்ன சொல்வது? பால் மணக்கிறது என்றா? ஆளுக்கு விசர் பிடித்துவிட்டது என்று அடுத்த நாளே முட்செடி வெட்ட அனுப்பிவிடுவார்.

தட்டினால் என்ன? மண்மேடு இருக்கிறதே. மேட்டுக்குப் பின்னால் ஆட்கள் இருந்தாலும் மண்ணைத் துளைத்துக்கொண்டு குண்டு போகாது. புத்தகத்தில் இருக்கிறபடி பார்த்தால் நான் தட்டியிருக்கலாம். ஆனால் பொங்கல் என்றால் என்ன என்று புத்தகம் எழுதினவருக்குத் தெரியாது. பள்ளத்துக்குள் நின்று பால் பொங்கினவருக்குச் சூரியன் வேண்டும். தை மாதத்துச் சூரியன் இங்கே தென்கிழக்கில், தாழ்வாகத்தான் வரும். பள்ளத்திலிருந்து பார்த்தால் அந்த மேடு அதை மறைத்துவிடும். பால் பொங்கியாகிவிட்டது, சூரியனைக் காணவில்லை என்றால் எங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள்? ஒருவர் மேட்டில் ஏறிப் பார்ப்பார். கட்டாயம் ஏறுவார்.

என் கை அவருடைய தோளுக்குப் போகவில்லை. துவக்கின் மேலே போனது.

"போல்ட்டைத் திறவுங்கோ" என்றேன் காதுக்குள்.

"என்ன?"

"திறவுங்கோ. குண்டை வெளியில எடுங்கோ."

"உனக்கென்ன விசரோ? மான் நிக்குது. மேடு இருக்கு. ஏன்?"

"எனக்கு நிச்சயம் இல்லை. திறவுங்கோ."

அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்க முடியாது. அடித்திருந்தால்கூட நான் கோபித்திருக்க மாட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு போல்ட்டைப் பின்னால் இழுத்தார். குண்டு வெளியே வந்து என் கையுறையில் விழுந்தது. கண்ணை மட்டும் கண்ணாடியிலிருந்து எடுக்கவில்லை. விரலையும் எடுக்கவில்லை. மானைப் பார்த்தபடியே கிடந்தார்.

படபடவென்று வெடித்தது.

மான் ஒரே பாய்ச்சலில் போய்விட்டது. விருந்தாளி திடுக்கிட்டுத் துள்ளினார். அவருடைய விரல் விசையை இழுத்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். துவக்கில் ஒன்றும் இல்லை, ஒன்றும் நடக்கவில்லை. அதே நேரம் மேட்டின் உச்சியில், மானின் முதுகு இருந்த இடத்துக்குச் சரியாக மேலே, ஒரு தலை எழும்பியது. கம்பளித் தொப்பி, தடித்த கோட்டு, அதற்குக் கீழே குங்கும நிறச் சேலை. ஒரு பெண் கையை நெற்றிக்கு மேலே வைத்துத் தென்கிழக்கைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவர் அவளைத் துவக்கின் கண்ணாடிக்குள்ளால் பார்த்தார். பெரிதாக, பக்கத்தில், முகத்தில் பொட்டோடு. துவக்கை மெல்ல நிலத்தில் வைத்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். பிறகு முகத்தைப் புல்லுக்குள் புதைத்துக்கொண்டார்.

ரேடியோ கத்தியது. அந்த ஊமைக்கோட்டான் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. "ஆர் சுட்டது? களவேட்டைக்காரரோ? எத்தினை துவக்கு? நான் பொலிசைக் கூப்பிடப் போறன்." அவர் சொன்னதிலும் பிழை இல்லை. களவாக மான் சுடுகிற கூட்டம் ஒன்று அந்த மாரியில் எங்களை ஆட்டிப் படைத்துக்கொண்டிருந்தது. துவக்கோடு பொலிஸ் வந்திருந்தால் பொங்கலுக்கு வந்தவர்களின் கதி என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

"கூப்பிடாதேங்கோ" என்றேன். "துவக்கில்லை. சீனவெடி. எங்கட ஆக்கள். நீங்கள் துவக்கை வச்சிட்டு வாங்கோ, நான் போறன்."

"சரி" என்றார்.

நான் வெட்டையைக் கடந்து மேட்டில் ஏறினேன். ஏற ஏற எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. பள்ளத்துக்குள் ஒரு இளம் சோடி. கல் மூன்று வைத்து, நடுவில் பானை. பெடியன் கவுன்சில் மரக்குற்றியில் இருந்துகொண்டு, நவம்பர் வாணவேடிக்கைக்கு வாங்கி மிச்சம் வைத்த வெடியில் அடுத்த கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"உங்களுக்கு மண்டை கழண்டு போச்சோ? மான் சுடுற நாள் இது! அறிவித்தல் தெரியேல்லையோ? இவ இப்ப செத்திருப்பா, தெரியுமோ? என்ர கண்ணுக்கு முன்னால செத்திருப்பா!"

பச்சை உடுப்போடு ஒருவன் மேட்டிலிருந்து தமிழில் கத்துவதைக் கேட்டு அவர்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். நான் சொன்னது விளங்கியதும் அந்தப் பிள்ளை தான் ஏறி நின்ற மேட்டைத் திரும்பிப் பார்த்தாள். பெடியன்தான் பானையைப் பார்த்துக்கொண்டு மெல்லச் சொன்னான்:

"அண்ணை, ஏச வேண்டியதை ஏசுங்கோ. ஆனா அரிசி போடுற நேரம். போட்டிட்டு ஏச்சை வாங்கட்டோ?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "போடு" என்றேன். அவர்கள் இரண்டு பேரும் அரிசியை அள்ளிக் கிழக்கைப் பார்த்துப் போட்டார்கள். அவள் போட்டதில் பாதி அரிசி வெளியே விழுந்தது.

கதை இதுதான். அவர்களுக்கும் நோர்பரியில்தான் ஒரு அறையில் குடித்தனம். போன வருடம் அறைக்குள் பொங்கியபோது புகை அலாரம் அடித்து, கட்டடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் இரவு உடுப்போடு தெருவில் நின்றார்கள். வீட்டுக்காரன் இனிப் பொங்கினால் வெளியேற்றுவேன் என்றுவிட்டான். இந்த வருடம் பெடியனுக்கு விசா கிடைத்திருக்கிறது. வெளியில், சூரியனுக்கு முன்னால், ஊரில் மாதிரி ஒருமுறை பொங்க வேண்டும் என்று அவளுக்கு நேர்த்திக்கடன். முதல் பஸ் பிடித்துக் கடைசி நிறுத்தத்தில் இறங்கி, நிறுத்தத்துக்குப் பின்னால் வேலியில் இருந்த ஓட்டைக்குள்ளால் பானையோடு வந்திருக்கிறார்கள். அந்த ஓட்டைக்குக் கேற்றும் இல்லை, அறிவித்தலும் இல்லை. நாங்கள் காவலர்கள், ஒருவரும் பஸ்ஸில் வருவதில்லை. எல்லோரும் வான் வண்டியில் வந்து கேற்றால் நுழைகிறவர்கள். எப்படித் தெரியும்?

நாய்க்கார அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. அடுத்த நாள் அவரைத் தேடிப் போய், "அம்மா, இந்தக் காட்டுக்கு எத்தனை ஓட்டை இருக்கு எண்டு காட்டுவியளோ?" என்று கேட்டேன். முழுக் காலையும் என்னோடு நடந்து ஒவ்வொன்றாகக் காட்டினார். முடியும்போது, "இப்பவும் நீர் கொலைகாரர்தான்" என்று ஞாபகப்படுத்திவிட்டுப் போனார். ஆகவே பிள்ளைகளே, உங்களை ஏசுகிறவர்களை வெட்டி நடக்காதீர்கள். அவர்கள்தான் காட்டை முழுதாக நடந்து பார்த்தவர்கள்.

பள்ளத்துக்குத் திரும்புவோம். தலைமைக் காவலர் வந்து சேர்ந்தார். தொப்பியைக் கழற்றினார், போட்டார். மறுபடி கழற்றினார். பானையைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார், மேட்டைப் பார்த்தார். விருந்தாளி முழங்காலைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்து குற்றியில் இருந்தார். அந்தப் பிள்ளை எல்லோருக்கும் கடதாசித் தட்டில் பொங்கல் வைத்தாள். முதல் தட்டை விருந்தாளிக்குக் கொடுத்தாள். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கினார். கண்ணீர் பொங்கலுக்குள் விழ, விழ, முழுவதையும் சாப்பிட்டு முடித்தார். தான் என்ன செய்யப் பார்த்தார் என்று அவளுக்கு அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

"அண்ணை, நீங்கள் வீட்டில பொங்கேல்லையோ?" என்று அவள் என்னைக் கேட்டாள்.

"மனுசி தனியப் பொங்குறா."

"அப்ப இதை அக்காவுக்குக் கொண்டுபோங்கோ" என்று என் பிளாஸ்கின் மூடியில் பொங்கல் போட்டுத் தந்தாள்.

தலைமைக் காவலர் கரண்டி கேட்கவில்லை. எங்களைப் பார்த்து விரலால் சாப்பிட்டார். முடித்துவிட்டு என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "உனக்கு எப்படித் தெரிஞ்சது?" நான் வாசத்தைச் சொன்னேன். மனுசி வாசலில் நின்று சொன்னதையும் சொன்னேன். "நிச்சயம் இல்லாமலா நிப்பாட்டினாய்?" "ஓம்." அவர் தலையாட்டினார். தொப்பியைப் போட்டுக்கொண்டு மேற்குப் பாதைக்குத் திரும்பினார்.

அடுத்த கிழமை நாங்கள் மறுபடி காட்டுக்குப் போனோம். அவர் கிழக்கில், நான் வடக்கில். மான் வந்தது. அவர் துவக்கை ஏற்றினார். ரேடியோவில் அவருடைய குரல் மெதுவாகக் கேட்டது: "பால் இருக்கா?" நான் மேட்டைப் பார்த்தேன், பள்ளத்தைப் பார்த்தேன், மூச்சை இழுத்து மணந்தும் பார்த்தேன். "பால் இல்லை" என்றேன். அன்றைக்குத் தொடங்கியது. அவர் ஒருபோதும் அதற்கு விளக்கம் சொன்னதில்லை. புதிதாக வந்தவர்கள் கேட்டால் தொப்பியைக் கழற்றிப் போடுவார். அதனால்தான் உங்களுக்குத் தெரியாமல் போனது. தைப்பொங்கலில் நம் காட்டில் துவக்கு எடுக்காத பழக்கமும் அவர் வைத்ததுதான். விருந்தாளியும் அடுத்த மாரிக்கு வந்தார். துவக்கைக் கையில் எடுக்க முதல், அந்த முழங்காலோடு தானே மேட்டில் ஏறி அந்தப் பக்கம் பார்த்துவிட்டு வந்தார். கலைமான் அந்தப் பொங்கல் மாரியிலேயே தானாகச் செத்துப்போயிருந்தது. கொம்பை அவருக்குத்தான் கொடுத்தோம்.

அன்று மத்தியானம் நான் வீட்டுக்குப் போய் மூடியை மனுசியிடம் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஒரு வாய் சாப்பிட்டாள். "சீனி கொஞ்சம் கூட" என்றாள். பிறகு அழத் தொடங்கினாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. "நான் சும்மா கோவத்தில சொன்னது" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். "என்னை நினைக்கச் சொல்லிக் கோவத்தில சொன்னது."

ரேடியோவில் பாலைக் கேட்கிறார்கள் என்று பிறகொரு நாள் சொன்னபோது வெட்கப்பட்டாள். "வெள்ளைக்காரங்கள் என்ர கதையை எடுத்து மான் சுடுறாங்களோ? கோயிலில ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ" என்றாள். ஆனாலும் காலையில் நான் புறப்படுகிறபோது பிளாஸ்கைத் தந்து, "பாலைக் கேட்டிட்டுத்தான் சுடோணும்" என்பாள். நான் ஓய்வு பெறுகிற நாள் வரைக்கும் சொன்னாள்.

அவள் போய் இது நாலாவது தை. வீட்டில் பொங்கல் இல்லை. எனக்குப் பொங்கத் தெரியாது, தெரிந்திருந்தாலும் யாருக்குப் பொங்குவது? இந்த உலகத்தில் அவளை நினைக்க நான் ஒருவன்தான் மிஞ்சியிருக்கிறேன் என்றுதான் போன மாதம் வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு உங்கள் குடிலில் அந்தக் கழுநீரைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தபோது, அவளைக் கண்டே இராத ஒரு பிள்ளை ரேடியோவில் "பால் இருக்கா?" என்று கேட்டது. மற்றப் பிள்ளை நின்று, பார்த்து, பதில் சொன்னது.

தேநீர் மோசம்தான். ஆனால் நான் எழும்பி வந்தது அதற்காக இல்லை.